வாளுக்கு வயது என்ன?

“இது திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்த வாள்” என்றார் கடைக்காரர். கூறிவிட்டுச் சிவப்புப் பட்டுத்துணியை மெல்ல விலக்கினார்.

ஜெய்ப்பூர் நகரத்துப் பழைய கடைத்தெருவொன்றில், மாடிப்படியின் கீழிருந்த சிறியதொரு கடையிலே நாமும் எம் நண்பரொருவரும் அமர்ந்திருந்தோம். அன்று காலையில்தான் அந்நகரத்து அரண்மனை நூதனசாலையிற் படைக்கலக் கூடத்தைச் சுற்றிப் பார்த்திருந்தோம். கண்ணாடிப் பேழைக்குள்ளே தொட முடியாதிருந்த பொருள், பிற்பகலில் கைக்கெட்டும் தூரத்தில் மின்னிக்கொண்டிருப்பதைக் கண்டால் யாருக்குத்தான் மனம் இளகாது! வளைந்த அலகு, பொன்னிறக் கைப்பிடி, அலகின் மேற்பகுதியிலே பொன்னாற் பொறித்த பாரசீக எழுத்துகள், அவற்றின் கீழ் ஓர் ஆண்டெண். நண்பர் மூச்சையடக்கிக்கொண்டு பார்த்தார்.

நண்பர் ஒரு சரித்திர ஆசிரியர். ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. தாம் முப்பதாண்டு காலம் கற்பித்த பாடசாலைக்கு ஏதேனும் நிலையான அன்பளிப்பொன்றை வழங்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் அவா. சரித்திர வகுப்பறையின் சுவரிலே திப்புவின் காலத்து வாளொன்று தொங்குமாயின், பிள்ளைகள் புத்தகத்திற் படிப்பதைக் கண்ணாற் காண்பார்களல்லவா? கடைக்காரர் கேட்ட விலை இரண்டு இலட்சத்து நாற்பதினாயிரம் இந்திய ரூபா. நண்பரிடம் அத்தொகை இருந்தது. அத்தொகைக்கு மேல் அவரிடம் அதிகம் இல்லை என்பதும் எமக்குத் தெரியும்.

வாள்களைப் பற்றி நாம் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவரல்லேம். ஆயினும் இத்துறையில் எமக்கு ஈடுபாடு உண்டானதற்குக் காரணம், இளமையில் ஒருமுறை நாமே ஏமாந்து போனதுதான். பித்தளைப் பிடியும் பூவேலை செய்த அலகுமாக ஒரு வாளை வாங்கி, “மொகலாயர் காலத்தது” என்று வீட்டுக்கு வந்தோரிடமெல்லாம் பெருமை பேசி வந்தோம். ஒருநாள் வீட்டுக்கு வந்த முதியவரொருவர் அதனைத் திருப்பிப் பார்த்து, பிடியின் அடியிலே சிறிய ஆங்கில எழுத்துகளில் “இந்தியா” என்று பொறித்திருப்பதைச் சுட்டிக் காட்டினார். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1890இல் இயற்றிய சுங்கச் சட்டமொன்றின்படி, 1891 முதல் அந்நாட்டுக்குள் வரும் பண்டங்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயரைப் பொறிக்கவேண்டியதாயிற்று. ஔரங்கசீப்பின் படைவீரன் எவனும் தன் வாளில் ஆங்கிலத்தில் “இந்தியா” என்று எழுதியிருக்கமாட்டான். அவ்வாளை நாம் இன்றும் வைத்திருக்கின்றோம். தோட்டத்திலே செடி வெட்ட உதவுகின்றது.

எனவே நண்பரின் முழங்கையை மெதுவாகத் தொட்டுப் பொறுமையாயிருக்கும்படி குறிப்புக் காட்டிவிட்டு, வாளைக் கையில் எடுத்தோம்.

வடஇந்திய வாள்களுட் பெருவழக்கானது ‘தல்வார்’ எனப்படும் வளைந்த வாள். அதன் கைப்பிடி முழுவதும் இரும்பால் ஆனது. உச்சியிலே தட்டம் போன்ற ஒரு வட்டத்தகடு. விரல்களைக் காக்கக் குறுக்கே இரண்டு குறுங்கைகள். சிலவற்றில் விரல்களின் முன்னே வளைந்திறங்கும் காப்பு வளையொன்றும் உண்டு. பிடியிலிருந்து அலகின் இருபுறமும் நாக்குப் போல ஒரு சிறு தகடு நீண்டு நிற்கும். இவ்வமைப்பைப் பற்றி முதலில் அறியவேண்டியது யாதெனில், பிடியும் அலகும் ஆணியால் இணைக்கப்பட்டவையல்ல என்பதே. பிடியின் உட்குழிவிலே உருக்கிய அரக்கையும் செங்கற்பொடி முதலியவற்றையும் கலந்து ஊற்றி, அலகின் வாலை அதனுள்ளே செருகிவிடுவர். ஆறினால் கல்லைப் போல இறுகிவிடும். மீண்டும் சூடாக்கினால் கழன்று வரும். ஆகவே பாட்டனின் அலகுக்குப் பேரன் புதுப்பிடி போடுவதும், போரிற் கைப்பற்றிய அலகைத் தன் நாட்டுப் பிடியிற் பொருத்துவதும் அக்காலத்தில் அன்றாட நிகழ்ச்சிகள். “இவ்வாளின் வயது என்ன?” என்று கேட்பதே பாதிப் பிழை. பிடிக்கு ஒரு வயது, அலகுக்கு ஒரு வயது, மேலேயுள்ள பொன்வேலைக்கு ஒரு வயது, உறைக்கு வேறொரு வயது. மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்த பகுதிகள் ஒரே வாளில் ஒருங்கே குடியிருக்கலாம். அது மோசடியாகாது; வாளின் வாழ்க்கை வரலாறு அதுவே.

முதலிற் பிடியைப் பார்த்தோம். பழைய தல்வார்ப் பிடிகளை இரும்புத் தகட்டில் இரண்டு பாதிகளாக அடித்து உருவாக்கி, பின்னர் பித்தளை அல்லது செம்பு வைத்து ஊதிப் பொருத்துவது வழக்கம். பிடியின் பக்கவாட்டிலே பூதக்கண்ணாடி வைத்து நோக்கினால், மயிரிழை போன்ற மஞ்சட்கோடொன்று மேலிருந்து கீழாக ஓடுவது தெரியும். எம் கையிலிருந்த பிடியில் அக்கோடு இல்லை. மாறாக, மேற்பரப்பு முழுவதும் ஊசிமுனை அளவான சிறு குழிகள். மூலைகளிலே உருகிய உலோகம் அச்சிற் படிந்து உறைந்த மொழுமொழுப்பு. இது அடித்துச் செய்த பிடியன்று. அச்சில் வார்த்த பிடி.

ஈண்டு ஒரு சிறு விலகல். தல்வார்ப் பிடியைப் பிடித்துப் பார்க்கும் பலர், “அக்காலத்து இந்தியர் கைகள் இவ்வளவு சிறியனவா?” என்று வியப்பதுண்டு. ஆங்கில நூலாசிரியர்கள் சிலரும் அவ்வாறே எழுதி வைத்தனர். உண்மை அதுவன்று. ஆட்காட்டி விரலைக் குறுக்குக் காப்பின் மேலாகச் சுற்றிப் பிடித்தால் மற்றை மூன்று விரல்களுக்கும் அவ்விடம் போதுமானது. உச்சித் தகடு மணிக்கட்டை அழுத்தி நிற்பதால், குத்துவதற்கன்றி இழுத்து அறுப்பதற்கே கை தானாக வளையும். அலகின் அடிப்பகுதியிலே இரண்டு விரற்கடை அளவுக்குக் கூர்மை தீட்டாது விட்டிருப்பதும் அந்த விரலைக் காப்பதற்கே. கூர் தீட்டாத அப்பகுதி பழைய தல்வார் அலகுகளிற் பெரும்பாலும் காணப்படும். சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யும் வாளில் இதை மறந்துவிடுவார்கள். வாளை ஏந்திப் போர் செய்யாதவன் செய்த வாளல்லவா?

கடைக்காரரின் வாளிலோ அலகு பிடியைத் தொடும் இடம்வரை கூர்மையாகவே இருந்தது.

அடுத்து அலகு. இதிலேதான் இந்தியாவின் பெருமை அடங்கியிருக்கின்றது. ஆகையால் சிறிது விரித்துக் கூற வாசகர்கள் இடந்தர வேண்டும். தென்னிந்தியாவிலே சேலம், மைசூர்ப் பகுதிகளிலும், தெலுங்கானாவின் கோனசமுத்திரத்திலும் சிறு மண்மூசைகளில் உருக்கிய ஒருவகை எஃகு, பல நூற்றாண்டுகளாகப் பாரசீகம் வரை சென்று விலைபோனது. மூசைக்குள்ளே இரும்புத் துண்டுகளுடன் ஆவாரை மரத்துண்டுகளை இட்டு, எருக்கிலை போன்றவற்றால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தியால் ஊதி மணிக்கணக்காக எரிப்பர். மரமும் இலையும் கரியாகி, அக்கரி இரும்பினுட் புகும். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளங்கையில் அடங்கும் எஃகுக் கட்டியொன்று கிடைக்கும். கன்னடத்தில் ‘உக்கு’, தமிழில் ‘உருக்கு’. ஆங்கிலேயர் இதனையே ‘வூட்ஸ்’ என்று எழுதினர் என்பது அறிஞர் பலர் கருத்து. 1795இல் ஜோர்ஜ் பியர்சன் இலண்டன் அரச கழகத்தில் இவ்வெஃகைப் பற்றிக் கட்டுரை படித்தார். மின்னியல் மேதை மைக்கல் பரடேயும் 1819ஆம் ஆண்டு தொடங்கி இதன் இரகசியத்தை அறியச் சோதனைகள் செய்தார். இலங்கையும் இதற்கு அந்நியமன்று. மலைநாட்டிலே எஃகு உருக்கிய முறையைக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1908இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் நூலில் விவரித்திருக்கின்றார்.

இந்த எஃகில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு கரியுண்டு. அதனை மிகையாகச் சூடாக்காமல், பொறுமையாக அடித்து நீட்டி, இறுதியில் இலேசான அமிலக் கரைசலைப் பூசினால், அலகின் மேல் நீர் ஓடுவது போன்ற நுண்ணிய வரிகள் தோன்றும். காற்றில் அசையும் குளத்துநீரை நிலவொளியிற் பார்ப்பது போலிருக்கும். அவ்வரிகள் தோன்றுவதற்குத் தாதுவிலே மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் வனேடியம் போன்ற மூலகங்கள் முக்கிய காரணம் என்று வெர்கோவன் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1998இல் எடுத்துக் காட்டினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐரோப்பிய ஆலை எஃகு மலிவாக வந்து குவிய, மூசை உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆகவே உண்மையான நீரோட்ட வரியுள்ள இந்திய வாளானது பெரும்பாலும் அதற்கு முற்பட்டதாகவே இருக்கும்.

கடைக்காரரின் வாளிலும் வரிகள் இருந்தன! நண்பர் அதைக் காட்டி எம்மை வெற்றியுடன் நோக்கினார். நாம் அலகைச் சன்னலருகே கொண்டு சென்று, ஒளி சரிந்து விழும்படி பிடித்தோம். உண்மையான வரி எஃகின் உள்ளே பிறந்தது. அலகைச் சற்றுத் திருப்பினால் அதுவும் உயிருள்ளது போல் மங்கியும் துலங்கியும் மாறும். கூர்வாய் வரையிலும் முதுகின் மேலும் தொடர்ந்து செல்லும். இங்கே கண்ட வரிகள் சுவரிலே தீட்டிய கோலம்போல் அசையாது கிடந்தன. வலப்பக்கத்து அலையொன்றின் வளைவை நினைவில் வைத்துக்கொண்டு இடப்பக்கத்தைப் பார்த்தால், அதே வளைவு அதே இடத்தில் இருந்தது. பிடியிலிருந்து நீளும் நாக்குத்தகட்டுக்கும் அலகுக்கும் இடையிலே ஒரு தாளை நுழைத்து விலக்கிப் பார்த்தோம். வரிகள் தகட்டின் விளிம்போடு நின்றுவிட்டன. அஃதாவது, வாளை முழுதாகச் செய்து முடித்தபின் மேலே மெழுகு தடவி அமிலத்தால் வரைந்த வரிகள் அவை.

முதுகின் தடிப்பையும் அளந்தோம். அடித்துச் செய்த அலகு பிடியருகே தடித்தும் நுனியை நோக்கிப் படிப்படியாக மெலிந்தும் செல்லும். அதனாலேயே கையில் எடுத்தவுடன் இலேசாகத் தோன்றும். இதுவோ தொடக்கம் முதல் முனைவரை ஒரே தடிப்பு. தகட்டிலோ மோட்டார் வண்டியின் வில்தகட்டிலோ வெட்டி எடுத்தது போலும்.

இனி எழுத்துகள். “இசுபகானைச் சேர்ந்த அசதுல்லாவின் வேலை” என்பதே அப்பாரசீக வரியின் பொருள் என்று கடைக்காரர் தாமே மொழிபெயர்த்துச் சொன்னார், அதிற் பொய்யில்லை. கீழேயிருந்த எண் ஹிஜ்ரி 1020. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைக் கொண்டு கணிக்கப்படுவதால் நம் ஆண்டிலும் பத்து அல்லது பதினொரு நாள் குறைந்தது. எனவே வெறுமனே 622ஐக் கூட்டினாற் போதாது. ஹிஜ்ரி எண்ணை 0.97ஆற் பெருக்கிப் பின்பு 622ஐக் கூட்டினால் ஏறக்குறையச் சரியான ஆண்டு கிடைக்கும். 1020க்கு 1611 வருகின்றது. (மாணவர்கள் தாமே கணித்துப் பார்க்கலாம். வாளிலே விக்கிரம சம்வத்து ஆண்டு இருந்தால் 57ஐக் கழிக்கவேண்டும். சக ஆண்டாயின் 78ஐக் கூட்டவேண்டும்.)

1611இல் பாரசீகத்தை ஆண்டவர் முதலாம் ஷா அப்பாஸ். அசதுல்லா அவருடைய வாட்கொல்லர் என்பது மரபு. எல்லாம் பொருந்துவதாகவே தோன்றும். ஆனால் அசதுல்லாவின் பெயர் தாங்கிய வாள்கள் உலகெங்கும் ஏராளமாக உள்ளன. அவற்றிலுள்ள ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் ஒரு மனிதனின் ஆயுளுக்குள் அடங்கா. எழுத்தின் கையும் ஒன்றுக்கொன்று வேறுபடும். அப்பெயர் நாளடைவிற் சிறப்புக்குறியாகி, நல்ல வாள் என்பதற்கு முத்திரையாகிப் பாரசீகத்திலும் இந்தியாவிலும் கொல்லர் பலராற் பொறிக்கப்பட்டது. மெய்யான பழைய வாளிலும் பொய்யான அசதுல்லா இருக்கக்கூடும். ஆகவே பெயர் எழுதியிருப்பதால் வாள் பழையதும் ஆகாது. பெயர் பொய்யென்பதால் வாள் புதியதும் ஆகாது.

திப்புவின் பெயரோ முற்றிலும் வேறு சங்கதி. திப்பு சுல்தான் தம் ஆட்சியின் நடுவிலே ஹிஜ்ரி ஆண்டைக் கைவிட்டு, நபிகள் நாயகத்தின் பிறப்பிலிருந்து எண்ணும் ‘மௌலூதி’ ஆண்டைப் புகுத்தினார். அவர் நாணயங்களிலே அவ்வாண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டுள்ளன. 1218 என்பதை நாம் படிக்கும் முறையிற் படித்தால் 8121 என்று வரும்! புலிவரிக் கோலமும் அவருடைய பொருள்களிற் பலவற்றில் உண்டு. இவை ஒன்றும் எம் கையிலிருந்த வாளில் இல்லை.

இத்தனையும் சொல்லியும் கடைக்காரர் அசையவில்லை. “பொன்னைப் பாருங்கள், பொன்னைப் பாருங்கள்” என்றார். பொன்னைப் பார்த்தோம். அதுவே வழக்கை முடித்து வைத்தது.

‘கொப்த்காரி’ எனப்படும் பொன்வேலையிலே, இரும்பின் மேற்பரப்பை முதலிற் கூரிய கத்தியாற் குறுக்கும் நெடுக்குமாக நுணுக்கமாகக் கீறிச் சொரசொரப்பாக்குவர். அதன்மேற் பொற்கம்பியையோ பொற்றகட்டையோ வைத்துத் தட்டி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து ஒட்டச் செய்வர். காலப்போக்கிற் பொன் தேய்ந்த இடங்களில் அந்தக் கீறல்கள் வெளித்தெரியும். தேய்மானமும் கை படும் இடத்திலேதான் இருக்கும்; குழிகளுக்குள்ளே பொன் புதிதாகவே தங்கியிருக்கும். இவ்வாளிலோ கை படாத குழிகளில் பொன் தேய்ந்திருந்தது. கை படும் மேடுகளில் மின்னியது. கீறல் ஒன்றேனும் இல்லை. அனைத்துக்கும் மேலாக, ‘அசதுல்லா’ என்ற சொல்லின் நடுவே துருவரித்த குழியொன்று இருந்தது. எழுத்து முந்தியதாயின் துரு எழுத்தை அரித்துப் பொன்னை அறுத்திருக்க வேண்டும். இங்கே பொன்கோடு அறுபடாமல் குழிக்குள் இறங்கி மறுகரையேறிச் சென்றது. துருப்பிடித்த பின்னரே எழுதியிருக்கின்றார்கள். அத்துருவும் இயல்பாய் வந்ததன்று. ஒரே ஆழத்தில், ஒரே அளவில், அம்மைத் தழும்பு போல் எங்கும் பரவியிருந்தது. அமிலத்தின் வேலை.

நண்பரின் முகம் வாடிவிட்டது. “அயல்நாட்டு அலகாயிருந்தாலும் பரவாயில்லை என்று காலையில் நீரே சொன்னீரே?” என்று எம்மைக் கேட்டார். சொன்னது உண்மைதான். பிரங்கி என்று மராட்டியர் அழைத்த வாள்வகைக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த நேரான அலகுகளையே பெரிதும் விரும்பினர். கோலாப்பூர் அரசர் 1875-76இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு அளித்த, சிவாஜியுடையதெனக் கூறப்படும் ‘ஜகதம்பா’ வாளின் அலகும் ஐரோப்பியதே. 2025இல் மகாராட்டிர அரசு இலண்டன் ஏலத்திலிருந்து மீட்டுவந்த இரகோஜி போன்சலேயின் வாளிலும் ஐரோப்பிய அலகின் மேலே தேவநாகரிப் பொன்னெழுத்து உள்ளது. அலகு அயல்நாட்டிற் பிறந்ததால் வாளின் இந்தியத் தன்மை குன்றுவதில்லை. ஆயின் நண்பர் வாங்கவிருந்தது ஐரோப்பிய அலகுமன்று, இந்திய அலகுமன்று. நேற்று வெட்டிய தகடு.

பெருமக்களின் பெயரோடு இணைந்த வாளுக்குச் சான்று வேண்டும். சீரங்கபட்டணம் 1799 மே 4இல் வீழ்ந்தபின், திப்புவின் படுக்கையறையிற் கண்டெடுத்ததாகக் கூறப்படும் வாளைப் படையினர் தளபதி டேவிட் பெயர்டுக்குப் பரிசாக வழங்கினர். அவ்வாள் 2023 மே மாதத்தில் இலண்டனில் ஒரு கோடியே நாற்பது இலட்சம் பவுணுக்கு மேல் ஏலம் போயிற்று. இரும்புக்கும் பொன்னுக்கும் மட்டும் அவ்விலை வரவில்லை. இன்னாரிடமிருந்து இன்னார் கைக்குச் சென்றது என்ற தொடர்ச்சிக்கும் சேர்த்தே வந்தது. மறுபுறத்தில், 2024இல் இலண்டன் விக்டோரியா அல்பர்ட் நூதனசாலை சாத்தாராவுக்கு இரவலாக அனுப்பிய புலிநகப் படைக்கலத்தைப் பாருங்கள். அதன் பெட்டியிலே சிவாஜியுடையது என்றே எழுதியிருக்கின்றது. ஆயினும் அதனை உறுதிப்படுத்த இயலாது என்று அந்நூதனசாலையே வெளிப்படையாகக் கூறுகின்றது. பெரிய நிலையங்கள் இவ்வளவு தயங்குமிடத்து, மாடிப்படிக் கடையிலே தயக்கமின்றிக் கேட்கும் திப்புவின் பெயரை எங்ஙனம் நம்புவது?

விஞ்ஞானச் சோதனையால் ஆண்டைச் சொல்லிவிட முடியாதா என்று சிலர் கேட்பர். எஃகிலே கரி இருப்பதால் கதிரியக்கக் கரிச்சோதனை செய்ய வழியுண்டு. ஆனால் அதற்கு வாளிலிருந்து ஒரு துண்டை வெட்டவேண்டும். அப்படி வெட்டினாலும், 1650க்கும் 1950க்கும் இடைப்பட்ட பொருள்களில் அச்சோதனை தெளிவாக விடை தராது. பெரும்பாலான தல்வார்கள் அந்த மூன்று நூற்றாண்டுக்குள்ளேயே அடங்குகின்றன. நியூத்திரன் கதிர்களைச் செலுத்தி, வெட்டாமலே எஃகின் உள்ளமைப்பை அறியும் முறை இப்பொழுது கையாளப்படுகின்றது. மூசை உருக்கா, ஆலை எஃகா என்பதை அது நன்கு காட்டும். ஆனால் அது பெரும் ஆய்வுகூடங்களுக்கே உரியது. வீட்டில் வாள் வைத்திருப்பவருக்குப் பகலொளியும் பூதக்கண்ணாடியும் ஓர் அளவுகோலுமே துணை.

கடைசியாக நண்பர் ஒரு வினா எழுப்பினார். இத்தனைக்கும் பிறகு ஏன் எழுப்பினார் என்று தெரியவில்லை. ஆசை அவ்வளவு எளிதில் விடுவதில்லை. “இதனைக் கொழும்புக்குக் கொண்டுபோகத் தடையுண்டா?” என்று கடைக்காரரைக் கேட்டார்.

“ஒரு தடையும் இல்லை. புதிய கைவினைப் பொருள் என்று பற்றுச்சீட்டு எழுதித் தருவேன்” என்றார் அவர்.

இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத இத்தகைய பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. ஆகவே இருநூறாண்டுப் பழைமை உண்மையானால் வாள் நண்பருடன் கப்பலேறாது. பற்றுச்சீட்டு உண்மையானால் வாளுக்குப் பழைமை இல்லை. இதை நாம் எடுத்துச் சொன்னபோது கடைக்காரர் சினங்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே வாளைப் பட்டுத்துணியிற் சுற்றினார். பையனை அழைத்து எமக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். வியாபாரிகளுக்கே உரிய அந்தப் பெருந்தன்மையை நாம் மெச்சவே செய்தோம்.

தேநீர் அருந்தும்போதுதான் மூலையிலிருந்த தகரப் பீப்பாவைக் கண்டோம். அதில் ஏழெட்டு வாள்கள் விறகுக் கட்டைகள்போற் செருகிக் கிடந்தன. ஒன்றை உருவினோம். கருங்கபில நிறத்திலே மெல்லிய, இறுகிய துரு. உச்சித் தகட்டின் ஒரு புறம் நெளிந்திருந்தது. பிடியின் பக்கவாட்டில் அந்த மஞ்சட்கோடு! உள்ளங்கை படும் புடைப்பு மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பொன் இல்லை, வெள்ளி இல்லை, பெயரில்லை. அலகு நுனியை நோக்கி மெலிந்து சென்றது. பிடியருகே கூர் தீட்டாத இரண்டு விரற்கடை. நாக்குத்தகட்டின் அருகிலே புள்ளி புள்ளியாகக் குத்திய தேவநாகரி இலக்கங்கள் மூன்று. பழைய ஆயுதசாலைகளில் இவ்வாறு புள்ளிகளாற் கணக்குக் குறிப்பது வழக்கம். 1689இல் ஆதோனிக் கோட்டையிற் கைப்பற்றிய படைக்கலங்களில் பிகானேர் அரசர் அனூப்சிங் பொறிப்பித்த குறிப்புகளும் இம்முறையினவே. எம் கையிலிருந்தது அத்தகைய கீர்த்தி பெற்றதன்று; யாரோ ஒரு சிற்றரசரின் படைக்கொட்டிலில் எண்ணிட்டு நிறுத்தி வைத்த வீரனொருவனின் வாள். துரு சற்றே விலகிய ஓரிடத்தை ஒளியிற் பிடித்தோம். நகத்தளவு இடம்தான். அங்கே நீர் ஓடியது.

அது நூறாண்டைக் கடந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டா, பத்தொன்பதின் தொடக்கமா என்று கேட்டால் அடித்துச் சொல்ல மாட்டோம்.

விலை கேட்டோம். “அதுவா? ஆறாயிரம். இப்பொழுது வேண்டாம். வருகிற வாரம் சாணைச் சக்கரத்துக்குப் போகிறது. பளபளவென்று தீட்டி, பொன்னெழுத்துப் போட்டால் நல்ல விலைக்குப் போகும்” என்றார் கடைக்காரர்.

சாணைச் சக்கரத்தில் ஏற்றினால் புள்ளி இலக்கங்கள் முதலில் மறையும். பின்பு சூட்டினால் எஃகின் பதம் கெடும். நீரோட்டம் என்றென்றைக்கும் அழியும். இலேசாக எண்ணெய் தடவித் துணியால் துடைப்பதே அத்தகைய வாளுக்குச் செய்யத்தக்கது என்றும், அதற்குமேல் எதுவும் செய்யவேண்டாம் என்றும் எடுத்துரைத்தோம். நூதனசாலை யாதேனும் ஒன்றுக்குக் காட்டும்படியும் வேண்டினோம். “துருவை யார் வாங்குகிறார்கள்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை. வாங்க விரும்பிய எம்மாலேயே அதனைக் கொண்டுசெல்ல முடியாதல்லவா?

நண்பர் இரண்டு வாள்களையும் அருகருகே வைத்துப் புகைப்படங்கள் எடுத்துக்கொண்டார். பாடசாலைச் சுவரில் அவற்றைப் பெரிதாக்கி மாட்டி, எது பழையது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லப்போவதாகக் கூறினார். பின்னர் பழைய வாளைத் தம் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்துப் பீப்பாவில் வைத்தார்.

மறுநாட் காலை புகைவண்டிக்குப் புறப்படுமுன், சொல்லிக்கொள்ளாமலே அவர் அக்கடைக்கு மீண்டும் போயிருந்தார். ஆறாயிரம் ரூபாவைக் கொடுத்து, அங்குள்ள நூதனசாலைக்கே வாளை ஒப்படைக்கலாமா என்று கேட்க நினைத்தாராம். அன்று ஏதோ பண்டிகை. கடை திறக்கவில்லை.